ஊதின பற்றறிக்கு ஓம், எங்கட பற்றறிக்கு இல்லை

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

எங்கட ஊர் கிரான். திருகோணமலை வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது சித்தாண்டி, மொறக்கொட்டான்சேனை, சந்திவெளி எல்லாம் தாண்டி, வாழைச்சேனைக்கு முன்னால் ஒரு நிமிடத்தில் கடந்துபோகிற சந்தி. அந்தச் சந்தியில் மேற்கே திரும்பினால் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. பாலத்துக்குப் போகிற வழியில், வேளாண்மை வெட்டின பிறகு இறுகிக் கிடக்கிற ஒரு துண்டு நிலத்தில்தான் என் தம்பி ரிமோட் கார் ஓட்டிப் பழகினான். கார் அவனுடையது இல்லை. சுவிஸில் இருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரப் பொடியன் ஒருவன், "இத இஞ்சயே வெச்சிக்கோ, பற்றறி செத்துப்போச்சு" என்று விட்டுவிட்டுப் போனது. பத்தில் ஒரு பங்கு அளவு பகி. நல்ல சாமான். ஓடத்தான் சாப்பாடு இல்லை.

சாப்பாட்டைத் தம்பியே சமைத்தான். 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்கும். அப்போது பழைய லப்டொப் பற்றறிகளை உடைத்து உள்ளே இருக்கும் உருளைச் செல்களை எடுத்து வெளிச்சம் போடப் பழகியவன் அவன். அதே செல் ஆறு. மூன்று மூன்றாகச் சேர்த்து, சோல்டர் வைத்து, ஹாட்வெயார் கடையில் வாங்கின வயரிங் பெட்டிக்குள் அடைத்து, சைக்கிள் ரியூப் துண்டால் காரில் கட்டினான். ஓடியது. ஊர்ச் சின்னதுகள் எல்லாம் பின்னால் ஓடின.

பிறகு ஒரு போட்டி அறிவித்தார்கள். நடத்தியவர்கள் யார் என்று எழுத மாட்டேன். அவர்களும் எங்களைப் போலப் பொடியள்தான், கெட்டவர்கள் இல்லை, கைக்காசும் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் விதிமுறை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: 'ரோர் அனுமதித்த பற்றறிகள் மாத்திரம்.'

சோதனை மேசையில் இருந்தவர் தம்பியின் காரைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிராண்ட் தம்பி இது?"

"நான் செஞ்சது அண்ணன்."

"லிஸ்ட்ல இல்லையே."

அவ்வளவுதான். போனை எடுத்துப் பட்டியலைக் காட்டினார். மல்டிமீற்றர் எடுக்கவில்லை, அளவுகோல் எடுக்கவில்லை, பெட்டியைத் திறந்து பார்க்கவும் இல்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற பொடியனிடம் பெயர்போன கொம்பனியின் லிப்போ. கறுப்புப் பிளாஸ்டிக் உறை நடுவில் வயிறு வைத்து, பக்கத்து மூட்டு வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே காஸ் கட்டி ஊதியிருக்கிறது என்று அர்த்தம். மேலே ஸ்டிக்கர் அழகாக இருந்தது. பட்டியலிலும் பெயர் இருந்தது. "ஓக்கே, போங்க."

அந்தப் பற்றறிக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. நெருப்புப் பிடித்தது, புகை வந்தது என்று கதை சொன்னால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஓடி முடித்துப் பரிசும் வாங்கியது. ஒன்றும் நடக்காதபடியால் அந்தச் சோதனை சரியாகிவிடும் என்று யாரும் சொல்ல வேண்டாம். அது அதிர்ஷ்டம்.

நான் கலைப்பீடத்துக்காரன். ஓமின் விதியை ஓ.எல். பரீட்சையோடு விட்டவன். ஆனால் ஒரு விதி எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, இங்கே வந்து என்ன செய்கிறது என்று பார்ப்பதுதானே எங்களுக்கு வந்தாறுமூலையில் மூன்று வருஷமாகச் சொல்லித் தருகிற வேலை. அதைப் பற்றறியில் செய்து பார்ப்போம்.

ரோர் என்பது 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. ரிமோட்லி ஒப்பரேட்டட் ஓட்டோ ரேசர்ஸ் என்பதன் சுருக்கம். வட அமெரிக்காவில் ரிமோட் கார் போட்டிகளுக்கு விதி போடுவது அது. உலக அளவில் இஃப்மார் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே நாலு பிரிவு: வட அமெரிக்காவுக்கு ரோர், ஐரோப்பாவுக்கு எஃப்ரா, லத்தீன் அமெரிக்காவுக்கு ஃபாமார், ஆசியா பசிபிக் பக்கத்துக்கு ஃபெம்கா. பிரித்தானியாக்காரர் தங்களுக்கென்று வேறு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் வாழைச்சேனைக்குப் பக்கத்தில் நடக்கிற ஒரு போட்டிக்கு வட அமெரிக்கப் பட்டியல் எப்படி வந்தது? எனக்குத் தெரிந்த ஒரே பதில்: இணையத்தில் தேடும்போது அதுதான் முதலில் வரும். விதி போட்டவர் அடுத்த பக்கத்தைத் திறக்கவில்லை.

சரி, எங்கிருந்து வந்தால் என்ன, நல்ல விதி என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்பீர்கள். எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த விதி எந்த நோய்க்கு மருந்து என்று முதலில் தெரிய வேண்டும்.

எண்பதுகளில் இந்தக் கார்கள் நிக்கல் கட்மியம் செல் ஆறில் ஓடின. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ற்று, மொத்தம் 7.2. ஆரம்பத்தில் 1200 மில்லி அம்பியர் மணி. பிறகு அந்த எண் ஏறிக்கொண்டே போனது. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வந்ததும் மூவாயிரம், நாலாயிரத்தைத் தாண்டியது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வந்த செல்களிலும் ஒன்று நல்லது, ஒன்று சொத்தி. ஆகவே ஆயிரக்கணக்கான செல்களை மெஷினில் போட்டு வெறுமையாக்கிப் பார்த்து, எத்தனை செக்கன் தாங்கியது, எவ்வளவு வோல்ற்று நின்றது என்று ஒவ்வொன்றின் மேலும் லேபல் ஒட்டி, ஒத்த ஆறைச் சேர்த்து விற்பதே ஒரு வியாபாரமாகியது. செல்லுக்குள் ஒரு நொடி பெரிய மின்னோட்டத்தை அடித்து உள்தடையைக் குறைக்கும் 'ஸாப்பிங்' என்றொரு வித்தையும் இருந்தது. முன்னணி ஓட்டக்காரர்கள் ஒரு பற்றறியைச் சில ஓட்டங்களுக்கு மட்டும் பாவித்துவிட்டுப் புதியதற்குப் போவார்கள். ஐந்து நிமிட ஓட்டத்துக்கு! காசு உள்ளவன் முன்னால் போனான். யார் எந்த செல்லைக் கொண்டுவரலாம் என்று பட்டியல் போட வேண்டிய தேவை அங்கேதான் பிறந்தது. அதாவது அதன் ஒரு நோக்கம் காசுக்காரனின் கையைக் கட்டுவது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

பிறகு லிப்போ வந்தது. மலிவு, பாரமில்லை, பலம் கூட. ஆனால் உள்ளே இருப்பது அலுமினியத் தாள் பைக்குள் அடைத்த ஒரு மெல்லிய சாமான். கார் மோதி அது துளைபட்டால், அல்லது மிதமிஞ்சிச் சார்ஜ் பண்ணினால், தன் சூட்டில் தானே எரியத் தொடங்கும். அந்த நெருப்பை ஊதி அணைக்க ஏலாது. ஆகவே கடினமான பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு செல் பற்றறி 8.40 வோல்ற்றுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். செல்லுக்கு 4.20. இப்போது 4.35 வரைக்கும் ஏற்றக்கூடிய செல்களும் வந்துவிட்டன. அதைப் போட்டால் 8.70 வரும், நூற்றுக்கு மூன்றரை அளவு கூட, மோட்டர் அந்த அளவுக்கு வேகமாகச் சுற்றும், ஆகவே கூடாது. பெரிய அளவுப் பற்றறி நீளம் 139, அகலம் 47, உயரம் 25.1 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். இந்த விதிகளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து அளக்கலாம்.

சண்டை எங்கே என்றால், இந்த அளவெல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியலாக மாறுகிற இடத்தில். ஒரு பற்றறிக்கு அனுமதி வாங்குவது ஓட்டுகிறவன் இல்லை. தயாரிக்கிற கொம்பனி மாதிரிப் பற்றறியை அனுப்பி, கட்டணம் கட்டி, பரிசோதனையில் தேறினால் அந்த மொடலின் பெயர் பட்டியலில் ஏறும். அமெரிக்காவில் இது ஒரு அளவுக்குச் சரிவரும். அங்கே கொம்பனி இருக்கு, கடை இருக்கு, தேசியப் போட்டிக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரின் பற்றறியையும் வெட்டிப் பார்க்க ஏலாது, ஆகவே மொடலை நம்புகிறார்கள். அங்கேயும் பட்டியலோடு விடுவதில்லை. ஓட்டத்துக்கு முன்னால் வோல்ற்றுப் பார்க்கிறார்கள்.

இங்கே என்ன நடந்தது? அளவுகளை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் கொப்பி அடித்தோம்.

யோசித்துப் பாருங்கள். உயரம் 25.1 மில்லிமீற்றர் என்ற அந்த ஒரு விதியை மட்டும் மேசையில் வைத்திருந்தால், வயிறு வைத்த அந்தப் பற்றறி அங்கேயே பிடிபட்டிருக்கும். ஊதின பற்றறி என்றால் தடித்த பற்றறி. ஒரு பலகைத் துண்டில் 25.1 இடைவெளி விட்டு இரண்டு ஆணி அடித்திருந்தாலே போதும். பட்டியலை எழுதினவர்கள் அந்த எண்ணையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்த வரியை வாசிக்கவில்லை. அனுமதி கிடைத்தது ஒரு மொடலுக்கு. மேசைக்கு வந்தது அந்த மொடலில் பிறந்து, ஐம்பது தரம் விழுந்து, வெயிலில் கிடந்து, முழுச் சார்ஜோடு மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கப்பட்ட ஒரு தனிச் சாமான். அப்பா நல்லவர் என்று மகனுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிற கதைதான் இது.

பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2016ஐவிட வேறு சாட்சி வேண்டாம். சாம்சுங் நோட் 7. உலகத்தின் மிகப் பெரிய போன் கொம்பனிகளில் ஒன்று, எல்லாச் சான்றிதழும் வாங்கிக் கடைக்கு வந்த போன். பற்றறி எரிந்தது. திருப்பி எடுத்து, மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது. கடைசியில் அந்த மொடலையே நிறுத்தினார்கள், விமானங்களில் அதைக் கொண்டு ஏறக் கூடாது என்று தடை வந்தது. சான்றிதழ் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சான்றிதழைப் பார்த்த பிறகும் பற்றறியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் உள்ள பற்றறியை நாங்கள் எப்படி வாங்குவது? லிதியம் அயன் பற்றறியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் தொடக்கம் உலகம் முழுக்கத் தடை. சரக்கு விமானத்தில் அனுப்புவதென்றால் முப்பது வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. விமானத் தபாலில் தனிப் பற்றறி எடுக்கவே மாட்டார்கள். போனுக்குள், காருக்குள் பொருத்தி இருந்தால் ஒரு கதை, தனியாக வந்தால் வேறு கதை. இந்த விதிகளும் சரியானவைதான், நடுவானில் நெருப்புப் பிடித்தால் யாரும் இறங்கி ஓட ஏலாது. ஆனால் இதன் விளைவு என்ன? இணையத்தில் காசு கட்டத் தயாராக இருந்தாலும் பல கடைக்காரர் 'உங்கள் நாட்டுக்கு இதை அனுப்ப மாட்டோம்' என்பார்கள். கொழும்பில் கிடைப்பது கொழும்பு விலைக்குக் கிடைக்கும். தம்பிக்கு ஒன்று விசாரித்தோம். அம்மா ஒரு மாதம் தைத்து எடுக்கிற காசில் பெரும் பகுதி. ஒரு பற்றறிக்கு. சார்ஜர் வேறு.

காசுக்காரனின் கையைக் கட்டுவதற்கு என்று பிறந்த விதி கிரானுக்கு வந்து சேரும்போது காசில்லாதவனின் கையைக் கட்டுகிறது. விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, வந்து இறங்கின ஊர்தான் மாறியிருக்கிறது.

இதை வீட்டில் சொல்லிக் கத்திக்கொண்டு இருந்தபோது மாமா சிரித்தார். "பற்றறிக்குப் பெர்மிஷன் எடுக்கிறது எங்களுக்குப் புதுசா மனே?"

மாமா சொன்னது வேறு பற்றறி. யுத்த காலத்தில் வடக்குக்கும் இங்கே படுவான்கரைப் பக்கத்துக்கும் போகிற சாமான்களில் சீமெந்து, உரம், எரிபொருளோடு ரோச் பற்றறியும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள் என்பது எங்கள் தலைமுறைக்குக் கதையாகத்தான் தெரியும். மாமாவுக்கு இங்கே சோதனைச்சாவடியில் நின்ற ஞாபகம். ரோச்சுக்குள் இருந்தால் விடுவார்களாம், பையில் தனியாக இருந்தால் கேள்வியாம். "ரோச்சுக்குள்ள ரெண்டு, அவ்வளவுதான். மழைக்குள்ள பாம்பு பூச்சிக்கு வெளிச்சம் எண்டு சொன்னா, பாம்புக்கா பெற்றறி எண்டு கேப்பானுகள்."

அதையும் இதையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அன்றைக்கு அந்தப் பாதையில் நின்றவர்களுக்கு நான் செய்கிற அவமரியாதை. விளையாட்டில் தோற்றால் வீட்டுக்கு வரலாம். ஆனால் மாமாவின் கதையில் ஒன்று எனக்குள் குத்தியது. பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் சாமானைப் பார்க்க மாட்டான், பட்டியலைத்தான் பார்ப்பான். கையில் உள்ளது இரண்டு ரோச் பற்றறி என்று அவன் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும், பெயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தப் பழக்கத்தைக் கண்ட ஊரில், யாரும் கட்டாயப்படுத்தாமல், நாங்களாகவே ஒரு பட்டியலை இறக்கி, நாங்களாகவே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். ஏனென்றால் இந்தக் கதையை நான் வட்சப்பில் போட்டபோது வந்த ஆதரவு என்னை இன்னும் கடுப்பாக்கியது. 'ஏழைப் பொடியனின் கண்டுபிடிப்பை மிதிக்கிறார்கள்', 'நம்மட விஞ்ஞானியை வளர விடமாட்டான்கள்', கைதட்டும் படம் பத்து. தம்பியைப் பற்றி நல்லதாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நீங்கள் ஒருவரும் அந்தப் பற்றறியைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த அண்ணனும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. அவர் பட்டியலை நம்பினார், நீங்கள் கதையை நம்பினீர்கள்.

நான் எடுத்துக்கொண்டு போய் கம்பஸில் பௌதிகவியல் படிக்கிற நண்பனிடம் காட்டினேன். அவன் பாராட்டவில்லை.

லப்டொப்பில் இருக்கும் அந்த உருளைச் செல்லுக்கு 18650 என்று பெயர், விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65. லப்டொப்புக்கு மெதுவாக, மணிக்கணக்கில் மின்சாரம் கொடுக்கச் செய்தது. புதிதாக இருக்கும்போதே ஒரு செல்லால் நாலைந்து அம்பியருக்கு மேல் நிம்மதியாகக் கொடுக்க ஏலாது. மூன்றைச் சமாந்தரமாகப் போட்டால் பதின்மூன்று என்று வையுங்கள். பழைய செல் என்றால் இன்னும் குறைவு. ரேஸ் கார் முடுக்குகிற நொடியில் நாற்பது, ஐம்பது அம்பியர் கூட இழுக்கும். அப்போது என்ன நடக்கும்? வோல்ற்று விழும், செல் சுடும். ஆறு செல்லில் ஒன்று மற்றவற்றைவிட நலிந்தது என்றால், அதுதான் முதலில் சுடும். "உன்ர தம்பி ஓடி முடிச்ச உடனே இதைத் தொட்டுப் பார்த்தவனா?" என்று கேட்டான். பார்த்திருக்கிறான். "கொஞ்சம் சூடுதான்" என்று எங்களிடம் சொல்லியும் இருக்கிறான். நாங்கள் கெட்டித்தனம் என்று சிரித்துக்கொண்டு இருந்தோம். பெட்டியைத் திறந்தபோது ஒரு செல்லின் மேலுறை சோல்டர் சூட்டில் உருகி, உள்ளே இருந்த உலோகம் அடுத்த கம்பியைத் தொடுவதற்கு நகக்கண் அளவு தூரம்தான் இருந்தது.

ஆக, தம்பியின் பற்றறி அன்று ஓடியிருக்கக் கூடாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மறித்தது சரி. மறித்த காரணம் பிழை. இது சின்ன வித்தியாசம் இல்லை. 'லிஸ்ட்ல இல்லை' என்றால் ஒரு பதினாறு வயதுப் பொடியன் என்ன படிக்கிறான்? தன்னுடையதில் என்ன பிழை என்று படிக்கவில்லை. காசு வேண்டும் என்று படிக்கிறான். 'இது இத்தனை அம்பியர்தான் தாங்கும், உன் மோட்டர் இவ்வளவு இழுக்கும், இந்தா இந்த இடத்தில் உறை உருகியிருக்கு' என்று சொல்லியிருந்தால், ஒரு நாளில் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை முழுக்கப் படிக்காததைப் படித்திருப்பான். அண்ணன் காட்டியது போன் திரையை. பின்னால் நின்ற பொடியன் படித்தது இதைவிடப் பயங்கரம்: ஸ்டிக்கர் இருந்தால் ஊதின பற்றறியும் ஓடலாம். அவன் அதை இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுவான். உண்மையில் எனக்கு அவனை நினைத்துத்தான் பயம்.

'அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும், சும்மா திட்டிவிட்டுப் போவது எங்கள் தளத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

பட்டியலைக் கிழியுங்கள், அளவை வையுங்கள். ஒரு மல்டிமீற்றர், ஒரு பலகைப் பெட்டி. வோல்ற்று 8.40க்குக் கீழே, பெட்டிக்குள் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், உறை கடினமாக இருக்க வேண்டும், மூட்டு வாய் திறந்திருந்தால் யாருடைய பற்றறி என்றாலும் வெளியே. இப்போதைய சார்ஜர்கள் பலவற்றில் உள்தடையும் காட்டும், அதையும் பார்த்து எழுதி வைக்கலாம். தட்டையான பற்றறி ஊதியிருந்தாலும் பெட்டிக்குள் போகும் என்று சண்டைக்கு வராதீர்கள், அதற்குத்தான் கண் இருக்கிறது. சார்ஜ் போடுவது திறந்த வெளியில், பக்கத்தில் ஆள் நிற்க, ஒரு வாளி மணலோடு. மணலுக்கு எங்கள் கரையில் பஞ்சமா.

வேகப் பிரிவுக்கு இது. வீட்டில் செய்த பற்றறிக்கு வேறு பிரிவு வேண்டும், அங்கே இழுவையைக் கட்ட வேண்டும். ஓட்டோ ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் பத்து அம்பியர் ஃபியூஸ் தேத்தண்ணிக் காசுக்கு வாங்கலாம். பற்றறிக்கும் மோட்டருக்கும் நடுவில் அந்த ஃபியூஸ் எல்லோருக்கும் கட்டாயம் என்று வையுங்கள். மிதமிஞ்சி இழுத்தால் ஃபியூஸ் போகும், கார் நிற்கும், பற்றறி தப்பும். கார் மெதுவாகத்தான் ஓடும். ஓடட்டும். ஃபியூஸை எரிக்காமல் ஐந்து நிமிடம் யார் கூடத் தூரம் போகிறான் என்பதே நல்ல போட்டி. விரலுக்கு வேலை இருக்கும்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். பொதுப் பற்றறி. போட்டி நடத்துகிறவர்களே ஒரே மாதிரிப் பத்து வாங்கி, இலக்கம் போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது. ஓட்டம் முடியத் திருப்பி வாங்கிக்கொள்வது. இது கிராமத்து ஏழைகளின் ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஃபோர்முலா ஈ என்று மின்சாரக் கார் உலகப் போட்டி 2014இல் பெய்ஜிங்கில் தொடங்கியதே, அதில் எல்லா அணிக்கும் ஒரே பற்றறிதான். முதலில் வில்லியம்ஸ் செய்தது, பிறகு மக்லாரன். அந்தப் பற்றறி ஒரு முழு ஓட்டத்துக்குத் தாங்காதபடியால் முதல் சில வருஷம் ஓட்டக்காரர்கள் நடுவில் இறங்கி ஓடிப்போய் இன்னொரு காரில் ஏறினார்கள். கோடி கோடியாகக் கொட்டுகிறவர்களே பற்றறியில் மட்டும் போட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் என்றால், அரை மைதானத்தில் ஓடுகிற எங்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்? பரிசுக் கோப்பைக்கும் டீஷேர்ட்டுக்கும் போட்ட காசில் பாதிக்காவது பற்றறி வாங்கியிருக்கலாம்.

இதை எல்லாம் எழுதி, மரியாதையாக, போட்டி நடத்தியவர்களுக்கு அனுப்பினேன். 'நல்ல யோசனை பிரதர், அடுத்த முறை பார்ப்பம்' என்று வந்தது. அடுத்த முறை மாரிக்கு முன்னால் வைத்தால் உண்டு. மழை தொடங்கி எங்கட பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடத் தொடங்கினால் அந்தப் பக்கத்துச் சனம் தோணியில்தான் வரும். படுவான்கரையில் ரிமோட் கார் வைத்திருக்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களையும் சேர்த்துத்தான் நான் 'நாங்கள்' என்று எழுதிக்கொண்டு இருக்கிறேன். அவர்களிடமும் பட்டியலில் உள்ள பற்றறி இல்லை.

அளவுப் பெட்டியை நாங்களே செய்துவிட்டோம். பழைய கதவுப் பலகை, உள்ளளவு 139, 47, 25.1. அந்தப் பொயின்ற் ஒன்றுக்காகத் தம்பி அரைநாள் மண்தாள் போட்டுத் தேய்த்தான். தேய்த்து முடிய முதலில் தன்னுடைய பற்றறியைத்தான் எடுத்துப் போட்டுப் பார்த்தான். போகவில்லை, அகலம் கூட. ஒன்றும் பேசாமல் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு போனான்.